மீன் வாசத்துக்கு முன்னால் மனசு ஏன் நிற்கவில்லை: சமைக்காத உணவு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். தங்கச்சிமடத்தில் இருக்கிறீர்கள், வயது 32, வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அம்மாவுக்கு இருக்கும் சர்க்கரை நமக்கும் வந்துவிடக் கூடாது, எடையும் குறையவேண்டும் என்று மே மாதத்திலிருந்து அடுப்பில் ஏறாததை மட்டும் சாப்பிடுகிறீர்கள். முதல் ஒரு மாதம் சுலபமாக ஓடியது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கியதிலிருந்து வீட்டில் மீன் இல்லாத நாள் இல்லை, எல்லாருக்கும் சமைத்துப் போடுவதும் நீங்கள்தான். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் நாலாம் நாள் நெத்திலி வறுவலும் சோறுமாக வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி அழுகிறீர்கள். "மனசைக் கட்டுப்படுத்த ஒரு வழி சொல்லுங்கள்" என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், "இந்த மாதம் தள்ளிப் போயிருக்கிறது, அது ஒன்றும் இல்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் உணவியல் படித்தவள். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை இந்தக் கரையோர ஊர்களில் பல வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். மனசைப் பற்றிய பதிலுக்கு வருமுன் அந்தக் கடைசி வரியைத்தான் பேசவேண்டும். தள்ளிப் போனால் முதல் வேலை கர்ப்பப் பரிசோதனை. மருந்துக் கடையில் கிடைக்கும் அட்டையே போதும், நாளைக் காலையே பார்த்துவிடுங்கள். கர்ப்பம் என்றால் இந்த உணவு முறையை அன்றோடு நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. கர்ப்பம் இல்லை என்றால் உடம்பு உங்களுக்கு வேறு ஒரு சேதி சொல்கிறது. ஜெர்மனியில் நீண்ட காலம் பச்சை உணவிலேயே இருந்தவர்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். அதில் 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறியிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக் கூட, எடை குறையக் குறைய, இதுவும் கூடியது. வருகிற ஆகாரம் பிள்ளை பெறும் வேலைக்குக் காணாது என்று உடம்பு கணக்குப் போட்டு அந்தக் கதவை மூடுகிறது. தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று வேறு காரணமும் இருக்கலாம். எதுவாயிருந்தாலும் "ஒன்றும் இல்லை" என்று விடுகிற விஷயம் இல்லை.

இனி மனசு. நீங்கள் ஒரு நாள் சாப்பிடுவதை எழுதியிருப்பது எனக்கு ரொம்ப உதவியாக இருக்கிறது. காலையில் ஒரு தட்டு பப்பாளி. மதியம் வெள்ளரி, கேரட், தக்காளி நறுக்கிய கலவை, ஒரு பிடி முளைகட்டிய பயறு, ஒரு இளநீர். சாயங்காலம் நாலு நுங்கு, சீசன் முடிந்ததால் இப்போது அதற்குப் பதில் ஒரு கொய்யா. ராத்திரி மூன்று வாழைப்பழம், கொஞ்சம் தேங்காய்த் துருவல். உப்பு கிடையாது. தட்டைப் பார்த்தால் நிறைந்திருக்கும், வயிறும் அப்போதைக்கு நிறையும். ஆனால் வெள்ளரி 100 கிராமில் 15 கலோரிதான், பப்பாளியில் 40 சொச்சம், நுங்கும் இளநீரும் பெரும்பாலும் தண்ணீர். நான் கூட்டிப் பார்த்ததில் உங்கள் ஒரு நாள் சாப்பாடு ஆயிரம் கலோரியைத் தொடவில்லை. 55 கிலோ எடையுள்ள, அதிகம் அலையாத பெண்ணுக்கே ஒரு நாளைக்கு 1,660 கலோரி, 46 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்ன கணக்கு. நீங்கள் குடம் தூக்குகிறீர்கள், மீன் அலசுகிறீர்கள், வெயிலில் கருவாடு காயப்போடுகிறீர்கள். புரதம் 20 கிராம் வந்தாலே அதிகம்.

இப்படிப் பாதிப் பசியில் இருக்கும் மனிதருக்கு என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள், திடகாத்திரமானவர்கள், போருக்குப் போக மாட்டோம் என்று கொள்கைக்காக நின்றவர்கள். உறுதிக்குக் குறைச்சல் இல்லாத ஆட்கள். 24 வாரம் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. அதற்குள் அவர்களுக்குப் பேச்செல்லாம் சாப்பாடு, கனவெல்லாம் சாப்பாடு என்று ஆகிவிட்டது. அதுவரை அடுப்படிப் பக்கமே போகாதவர்கள் சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பாடு கொடுத்தபோதும் வயிறு நிறைந்த உணர்வு பலருக்கு வரவில்லை, சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு, அவர்கள் பார்க்காத ஒன்றையும் நீங்கள் தினம் பார்க்கிறீர்கள்: எண்ணெயில் பொரியும் நெத்திலியை, அதுவும் உங்கள் கையாலேயே. மூன்று நாள் நிற்பதே பெரிய காரியம். உங்களுக்குக் குறைவது உறுதி இல்லை, சாப்பாடு. அழுகிறதற்கு இதில் எதுவும் இல்லை.

இந்தக் கரையில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். இயற்கை உணவு என்று தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் ஏப்ரல், மே மாதத்தில்தான் தொடங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும், கையில் காசும் இருக்காது. அதே இரண்டு மாதம்தான் நுங்கும் பதநீரும் மாம்பழமும் தர்பூசணியும் கொட்டிக் கிடக்கிற காலம். வெயிலில் சுடுசோறே வாய்க்குப் பிடிக்காது. ஊரே பாதி பச்சை உணவில் இருக்கிற பருவம் அது, விரதம் தானாக நடக்கும். ஜூன் பாதியில் படகு இறங்கும், காரலும் சூடையும் நெத்திலியும் கூடை கூடையாக வரும், நுங்கு முற்றிப்போகும். மே மாதத்துச் சுலபத்தை மன உறுதி என்றும் இப்போதைய கஷ்டத்தை மன பலவீனம் என்றும் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுமே பருவம் செய்த வேலை.

நாலாம் நாள் ஒரு துண்டு வாயில் போட்டதும் "சரி, போனது போச்சு" என்று முழுச் சட்டியையும் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இதுவும் ஆராய்ச்சிக்காரர்கள் 1970-களிலிருந்து பார்த்து எழுதி வைத்ததுதான். உணவைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு முதலில் கொஞ்சம் இனிப்புப் பால் குடிக்கக் கொடுத்தால், அதன் பிறகு வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிடுவதற்குப் பதில் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு இல்லாதவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு துண்டில் உடைந்துபோகிற மாதிரி விதியை வைத்தால், உடைந்த அன்றைக்கு அதற்கு எல்லையே இருக்காது. அதனால் விதியையே வேறு மாதிரி வைக்கவேண்டும் என்பது என் கருத்து, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீடியோக்களில் கேட்டதாக நீங்கள் எழுதிய விஷயங்களில் எது உறுதி, எது இல்லை என்று பார்த்துவிடலாம். சமைத்தால் வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் குறையும் என்பது உண்மை. பச்சைக் காய், பழம் கூடினால் நார்ச்சத்து கூடும், மலம் இளகும், அதுவும் உண்மை. சமைத்தால் "என்சைம் செத்துவிடும், அதனால்தான் நோய்" என்பது சரியில்லை. காயில் இருக்கும் என்சைம் பெரும்பாலும் நம் இரைப்பை அமிலத்திலேயே சிதைந்துவிடும், செரிக்கத் தேவையானதை உடம்பே சுரந்துகொள்கிறது. தக்காளியின் சிவப்புச் சத்தும் கேரட்டின் மஞ்சள் சத்தும் கொஞ்சம் எண்ணெயோடு வேகவைத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும். ஜெர்மானியர் 2005-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நீண்ட நாள் பச்சை உணவுக்காரர்கள் 201 பேருக்குக் கெட்ட கொழுப்பும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் குறைவாக இருந்தன, அது நல்லது. ஆனால் நல்ல கொழுப்பும் குறைந்திருந்தது, 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. அதே வருடம் அமெரிக்காவில் 18 பேரைப் பார்த்ததில் எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது. 18 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அவர்களுக்கு எலும்பு முறியும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. பி12 குறைவதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அது மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் இருக்கிறது. கடல்பாசியில் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பி இருக்க முடியாது. நம் பெண்கள் பறிக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் ஆலைக்குப் போகிறவை, அவற்றைப் பச்சையாக வாயில் போடாதீர்கள்.

"21 நாள் நின்றால் நாக்கு மாறிவிடும்" என்பதற்கும் ஒரு வார்த்தை. நாக்கு மாறும், அது உண்மை. உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு முன்பு பிடித்த அளவு உப்பே பிறகு கரிப்பாகத் தோன்றியதை 1982-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆனது. 21 என்ற கணக்குக்கு ஆதாரம் இல்லை, 22-ஆம் நாள் ஆசை வந்தால் நீங்கள் தோற்றவர் இல்லை.

அடுத்தது, எதற்காக இதைத் தொடங்கினீர்கள் என்பது. சர்க்கரை வராமல் இருக்க. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டில் மாவையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, நடக்க வைத்த பிரிவினருக்கு, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினரைவிட நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எல்லாரும் நம்மைப் போல அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள்தான். ஆக, நீங்கள் போகவேண்டிய இடத்துக்கு முழுப் பச்சை உணவு கட்டாயம் இல்லை. சோற்றின் அளவு, வறுவல், பலகாரம், உட்கார்ந்தே இருப்பது, இவற்றில்தான் விஷயம் இருக்கிறது. விரதத்தை விடுவது தோல்வி என்று தோன்றினால் காந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1929-இல் ஆசிரமத்தில் சமைக்காத உணவைத் தாமே சோதித்துப் பார்த்தார். சில மாதத்தில் வயிற்றுக்கடுப்பு வந்தது, நிறுத்திவிட்டார். விரதத்தை அவரைவிடக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டவர் யார்?

நான் சொல்லும் விதி இது: காலையும் இரவும் சமைக்காதது, மதியம் சமைத்தது. மதியம் மீன் உண்டு. அது விதியை மீறுவது இல்லை, விதியிலேயே இருப்பது. சட்டியில் பொரிப்பதற்குப் பதில் குழம்பாகவோ அவித்தோ வையுங்கள். நெத்திலியைத் தலை கிள்ளி, மஞ்சளும் உப்பும் போட்டு, நம் முண்டு மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் தேங்காயோடு அரைத்து ஊற்றி, கொஞ்சம் புளியோடு வற்றவிட்டால் வறுவலுக்குக் குறையாது. முள்ளோடு சாப்பிடுகிற மீன் என்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும், 100 கிராமில் 18, 20 கிராம் புரதம் வந்துவிடும், பி12-ஐத் தனியாகத் தேட வேண்டாம். சோறு தட்டில் கால் பாகம், பாதித் தட்டு உங்கள் வெள்ளரி, கேரட், வெங்காயம், மாங்காய்க் கீற்று. இவ்வளவு சத்தான மீன் வீட்டு வாசலுக்கே வருகிற ஊரில் இருந்துகொண்டு அதைப் பாவம் போல ஒதுக்குவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

சமைக்காத வேளைகளையும் நிறைய வையுங்கள். காலையில் ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 40 கிராம், சுமார் 230 கலோரியும் 10 கிராம் புரதமும் தரும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிடுங்கள், அதில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கும். அதோடு இரண்டு வாழைப்பழம், கால் மூடித் தேங்காய். தேங்காயில் 100 கிராமுக்கு 350 கலோரி இருக்கிறது, கொழுப்பும் அதிகம், அளவு தாண்ட வேண்டாம். இரவுக்கு ஊறவைத்த அவல், துருவல், எள்ளு, பழம். அவலைப் பச்சை உணவு என்று நினைக்கிறவர்கள் உண்டு, ஆனால் நெல்லை ஊறவைத்து வறுத்த பிறகே அவலாக இடிக்கிறார்கள், அதுவும் சூடு பட்டதுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

உப்பை முழுக்க விட்டிருப்பது இந்த வெயிலுக்குச் சரிப்படாது. வியர்வையில் போகிற உப்பை வெறும் பழம் ஈடுகட்டாது. எழுந்தால் கண் இருட்டுகிறது, ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு உப்புக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ரத்த அழுத்தம் இல்லாதவர் என்பதால் கலவையில் கல் உப்பு தூவிக்கொள்ளுங்கள், மோரில் போட்டுக் குடியுங்கள். கருவாட்டு ஆசையே உப்புக் குறைவால்தான் வருகிறது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை.

சமைக்கிற நேரத்துக்கு ஒன்றே ஒன்று: வெறும் வயிற்றோடு அடுப்படிக்குள் போகாதீர்கள். மீன் வாங்கி அலசி முடிக்கப் பத்து மணி ஆகும் என்றால், அலச உட்காருமுன் கடலையும் பழமும் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். என்னிடம் வந்த பெண்களுக்கு இந்த ஒரு மாற்றம் கொடுத்த பலனை வேறு எந்த அறிவுரையும் கொடுக்கவில்லை. உப்புப் பார்க்கும் வேலையை மாமியாரிடமோ பிள்ளைகளிடமோ கொடுங்கள். சந்தியாகப்பர் திருவிழா, கல்யாணம், கந்தூரி என்று வரும் நாட்களில் சமைத்த வேளையை அந்த விருந்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கீழக்கரைத் தொதல் இனிப்பு யாராவது கொண்டுவந்தால் ஒரு துண்டு அந்த வேளையோடு சேரட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் முழுக்கப் பச்சை உணவுதான் வேண்டும் என்றால் அது உங்கள் விருப்பம், தடுக்க எனக்கு உரிமை இல்லை. மாதவிலக்கு சரியாகும்வரை வேண்டாம் என்பேன். அதன் பிறகும் பி12 மாத்திரை இல்லாமல் கூடாது. மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தொடவே கூடாது, அதில் சயனைடு இருக்கிறது. பனங்கிழங்கையும் வேகவைத்தே சாப்பிடுங்கள். பச்சைக் கிழங்கு மாவைக் கொடுத்த எலிகளுக்கு நரம்பு பாதித்ததை இலங்கை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளும் பச்சையாக ஆகாது, காய்ச்சாத பாலும் ஆகாது. முளைகட்டிய பயறில் கிருமி எளிதாகப் பெருகும். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஐந்து நிமிடம் ஆவியில் காட்டிவிட்டுச் சாப்பிட்டால் அந்தப் பயம் இல்லை. பச்சையாகத் தின்னும் எதையும் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டு விடாதீர்கள், கடைசி அலசல் காய்ச்சி ஆறிய தண்ணீரில் இருக்கட்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படிச் சாப்பாட்டை மாற்றினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் அளவு மீறினால் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கே ஆபத்து. வளரும் பிள்ளைகளை இந்த முறைக்குள் இழுக்கவே கூடாது.

நான் சொன்னது எல்லாம் நீங்கள் எழுதியதை வைத்துத்தான். உங்களை நேரில் பார்க்கவில்லை, நாடி பிடிக்கவில்லை, எடை போட்டுப் பார்க்கவும் இல்லை. அதனால் கர்ப்பப் பரிசோதனைக்கு அடுத்தபடியாக ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, இந்த நாலையும் இராமேஸ்வரத்திலோ இராமநாதபுரத்திலோ அரசு மருத்துவமனையில் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு கடைசியாக வந்த தேதியையும் மே மாதத்திலிருந்து எவ்வளவு எடை குறைந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பெண் மருத்துவரிடம் அந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள், சாப்பாட்டு முறையை ஒளிக்காமல் அதற்குப் பிறகு சொல்லுங்கள். சாப்பாடு கூடிய பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ராத்திரி அழுகை நிற்காவிட்டால், ஒளித்துச் சாப்பிட்டு வாந்தி எடுக்கத் தோன்றினால், அதையும் அவரிடம் சொல்லவேண்டும். அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.